சங்கிலி கஸ்தூரியுடையது

ஸ்டெல்லா, அந்தோணி, ரெண்டு பேரும் உட்கார்ந்து இதைப் படியுங்கள். "உங்க அப்பாவுக்கு என்னா வேலைன்னு ஸ்கூல்ல கேட்டா என்னாப்பா சொல்றது?" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறீர்கள். "டிரஸ்டுல இருக்காருன்னு சொல்லுங்க" என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். போன மாதத்தோடு டிரஸ்டின் கடலூர் ஆபீசை மூடிவிட்டார்கள். ஏழு வருட வேலை முடிந்தது. கை சும்மா இருக்கிறது, எழுதுகிறேன். நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். தப்பு இருந்தால் ஸ்டெல்லா திருத்திக்கொள். இப்போதுதான் நீ ஒன்பதாவது ஆகிவிட்டாயே.

1. நான் ஆபீசர் ஆனது

மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தேன். 2005-இல் சர்ச்சில் ஒருவர் சொல்லி இந்த வேலை கிடைத்தது. "ஃபீல்டு ஆபீசர்" என்று கார்டு அடித்துக் கொடுத்தார்கள். உங்கள் அம்மா அந்தக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நேத்து வரைக்கும் பருப்பு நிறுத்தினு இருந்தீங்க, இன்னிக்கு ஆபீசரா?" என்று சிரித்தாள். ஆபீசருக்கு ஒரு பழைய டி.வி.எஸ். வண்டி, ஒரு தோள்பை, ஒரு ரோல் கேமரா. அவ்வளவுதான்.

வேலை என்னவென்றால், அப்பாவோ அம்மாவோ இறந்து போய், வருமானம் இல்லாமல் நிற்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு டிரஸ்டு படிப்புச் செலவு கொடுக்கும். மனு வந்ததும் நான் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். இறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, மார்க் ஷீட் எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் வாங்க வேண்டும். குடும்பத்தை ஒரு போட்டோ எடுக்க வேண்டும். பாரத்தின் கடைசியில் "நேரில் கண்டவை" என்று நாலு கோடு இருக்கும். அதில் நான் பார்த்ததை எழுதிச் சிதம்பரத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கேதான் கமிட்டி. கொடுக்கலாமா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள்.

கமிட்டிக்குச் செயலாளர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். எங்களையெல்லாம் கடைசி பெஞ்சுப் பையன்களைப் போலத்தான் பார்ப்பார். முதல் நாளே என்னை நிற்க வைத்துச் சொன்னார்.

"சவரி, இது ஊரார் குடுக்குற காசு. தப்பான வூட்டுக்கு ஒரு ரூபா போச்சுன்னா சரியான வூட்டுல ஒரு ரூபா கொறையும். கண்ண நல்லா தொறந்து வச்சிப் பாரு. பீரோ இருக்கா, ஃப்ரிட்ஜ் இருக்கா, கழுத்துல என்னா இருக்கு, எல்லாத்தையும் பாரு."

நான் கண்ணை நன்றாகத்தான் திறந்து வைத்தேன். கோளாறே அங்கேதான் வந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

2. தெருவே கதவைச் சாத்தியது

வடலூர்ப் பக்கம் ஒரு தெருவுக்கு முதல் தடவை போகிறேன். டி.வி.எஸ்., தோள்பை, சட்டைப் பையில் ரெண்டு பேனா. நான் தெருமுனையில் திரும்பியதும் ஒரு கதவு சாத்திக்கொண்டது. அடுத்ததும் சாத்திக்கொண்டது. பத்து எண்ணுவதற்குள் தெருவில் ஒரு கோழியும் நானும்தான்.

ஒரு பெரியம்மா மட்டும் ஓட முடியாமல் வாசலில் மாட்டிக்கொண்டது. "தம்பி, இந்த வாரம் கட்ட முடியாது. அடுத்த வாரம் சேர்த்துக் கட்டிடறம்" என்றது. அப்போதுதான் விளங்கியது. குழுக்கடன் வசூலிக்க வருகிறவர்களும் இதே வண்டி, இதே பை.

"ஆயா, நான் காசு கேக்க வரல. குடுக்க வந்திருக்கேன்" என்று கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அத்தனை கதவும் திறந்தது. நான் தேடி வந்த வீட்டைக் கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. எல்லாரும் தங்கள் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறேன் என்கிறார்கள். ஒருவர், "எங்கப்பாவும் செத்துட்டாரு சார்" என்றார். அவருக்கு வயது ஐம்பது இருக்கும்.

டீ விஷயமும் சொல்ல வேண்டும். முதல் வாரம் எந்த வீட்டில் டீ கொடுத்தாலும், பாவம், கஷ்டப்படுகிற வீடாயிற்றே என்று வேண்டாம் என்றேன். ஒரு வீட்டில் அந்த அம்மா முகம் சுண்டிப் போய், "எங்கூட்டுல சாவு வுழுந்துச்சின்னு குடிக்க மாட்டேங்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டது. அன்றைக்கிலிருந்து எந்த டீயையும் தள்ளியதில்லை. ஒரே நாளில் ஒன்பது டீ குடித்துவிட்டு ராத்திரி தூங்காமல் புரண்டதை உங்கள் அம்மாவிடம் கேளுங்கள்.

3. தலை சீவி நில்லுங்க

ஆரம்பத்தில் என் போட்டோக்கள் மோசம். ஒருத்தர் திரும்பி நிற்பார், குழந்தை அழும், எனக்கும் கேமரா பிடிக்கத் தெரியாது. ரோல் முடிந்து ஸ்டூடியோவில் கழுவி வாங்கினால்தான் லட்சணம் தெரியும். "இதுல யாரு பயனாளி, யாரு வேலிக்கால்?" என்று செயலாளர் கேட்டார். அதனால் நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். போவதற்கு முந்தின நாளே சொல்லி அனுப்பிவிடுவேன்: "நாளைக்கு போட்டோ எடுக்க வர்றேன். எல்லாரும் குளிச்சி, தலை சீவி, நல்லா நில்லுங்க."

இந்த ஒரு வார்த்தைதான் வினையாயிற்று.

2006-ஆம் வருடம், ஜூன் மாதம் முடியப்போகிற நேரம். கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம். அங்கே அஞ்சலை என்று ஒரு அம்மா. அவர் வீட்டுக்காரர் சுனாமியில் தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு தப்பித்தவர். அடுத்த வருடம் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். "அலையில போயிருந்தா நிவாரண லிஸ்டுல பேராவது வந்திருக்கும் சார். காமாலைக்கு யாரு லிஸ்ட்டு எழுதறாங்க?" என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னது. கருவாடு தலையில் சுமந்து விற்றுக் குடும்பம் ஓடியது.

மூத்தவள் கலைச்செல்வி பத்தாவதில் ஸ்கூல் ஃபர்ஸ்ட். சிதம்பரம் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் சீட்டு வந்துவிட்டது. பீசும் ஹாஸ்டலும் கட்ட அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி நாள். கட்டாவிட்டால் இறால் கம்பெனிக்கு ஓடு உரிக்கப் போக வேண்டியதுதான். ஏஜெண்ட் வந்து பேசிவிட்டுப் போயிருந்தான். ஒண்ணாந்தேதி வேன் வரும். அவளுக்கு ஒரு தம்பி, மணி. எட்டு வயது.

வழக்கம்போல முந்தின நாள் சொல்லி அனுப்பிவிட்டு வியாழக்கிழமை போனேன். போனால் திருவிழா மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுக் கஸ்தூரி என்கிற பெண்தான் எல்லாவற்றுக்கும் தலைமை. அஞ்சலை அம்மாவுக்கு யாருடையதோ மாம்பழக் கலரில் நல்ல புடவை. கழுத்தில் கஸ்தூரியின் சங்கிலி. கலைச்செல்விக்குப் புதுச் சுடிதாரும் ஜிமிக்கியும். மணிக்குக் கூலிங் கிளாஸ், கையில் முழங்கை வரைக்கும் ஏறி இறங்குகிற ஒரு பெரிய வாட்ச்.

"பூ மட்டுந்தான் அண்ணே வைக்க முடியல. மத்ததெல்லாம் பார்த்துக்கோங்க, கொற சொல்ல முடியாது" என்றாள் கஸ்தூரி.

அஞ்சலையின் வீடு இருட்டு. அதனால் கஸ்தூரியின் வீட்டு முன்னால் நிற்க வைத்தார்கள். புது டைல்ஸ், பாலீஷ் போட்ட கதவு. அங்கே கஸ்தூரியின் தம்பி பைக் நின்றது. மணி அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டான். நான் இறக்கிவிட வேண்டியவன்தானே? "அப்பிடியே இரு, நல்லா இருக்கு" என்றேன். மூன்று படம் எடுத்தேன். கழுவி வந்தபோது, இத்தனை நாளில் நான் எடுத்த போட்டோவிலேயே இதுதான் அழகு என்று எனக்குப் பெருமை வேறு.

4. நாம இவுங்ககிட்ட வாங்கணுமா?

சனிக்கிழமை சிதம்பரத்தில், கீழ வீதிப் பக்கம் அந்த மாடி அறையில் கமிட்டி கூடியது. செயலாளர் போட்டோவைக் கையில் எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"சவரி, இவுங்க நம்மகிட்ட வாங்கணுமா, நாம இவுங்ககிட்ட வாங்கணுமா?"

கமிட்டியில் ஒரு பாத்திரக்கடைக்காரர் உண்டு. அவர் போட்டோவை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்து, "சங்கிலி மூணு பவுனுக்குக் கொறையாது. வண்டி இந்த வருஷத்து மாடல்" என்றார்.

"ஐயா, அது எல்லாம் எரவல்" என்றேன்.

"எப்பிடித் தெரியும்? நீ கேட்டியா? நேரில் கண்டவையில எழுதியிருக்கியா?"

எழுதவில்லை. "குடும்பம் நல்ல குடும்பம்" என்று மட்டும்தான் எழுதியிருந்தேன். செயலாளர் பாரத்தை மூடிவிட்டார். அப்புறம் என் முகத்தைப் பார்த்து என்ன தோன்றியதோ, "செவ்வாக்கெழம நானும் பாத்திரக்கடைக்காரரும் இருப்போம். உள்ள நெலமையில இன்னொரு போட்டோ எடுத்துக்கினு வா. இல்லன்னா இது தள்ளுபடி" என்றார்.

கடலூர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். தலை சீவி நில்லுங்கள் என்று சொன்னவன் நான். வேனில் ஏறப் போகிறவள் அந்தப் பெண்.

5. கிழிசலும் இரவல்தான்

திங்கட்கிழமை குப்பத்துக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். கஸ்தூரி பிடித்துக்கொண்டாள்.

"என்னா அண்ணே இது? சாவு வுழுந்த வூடுன்னா அழுக்காத்தான் நிக்கணுமா? நல்லா நில்லுங்கன்னு நீங்கதான சொல்லி அனுப்புனீங்க?"

"நான்தாம்மா சொன்னேன்."

"அப்ப உங்கள நிக்க வச்சி போட்டோ எடுக்கச் சொல்லுங்க!"

கூட்டம் சிரித்தது. ஆனால் கஸ்தூரிக்குக் கோபம் ரெண்டு நிமிஷம்தான். "சரி, கிழிஞ்ச பொடவதான வேணும்? எங்கிட்ட கெடக்கு, கரித்துணிக்குப் போட்டு வச்சேன்" என்று ஓடினாள். அவ்வளவுதான், போன வாரம் எந்தக் கை அலங்காரம் செய்ததோ அதே கைகள் இந்த வாரம் அலங்கோலம் செய்யக் கிளம்பின. ஒருத்தி மணியின் சட்டையைக் கழற்றினாள். ஒருத்தி அவன் தலையைக் கலைத்தாள். "ஒடஞ்ச பானை ஒண்ணு பக்கத்துல வைங்க" என்றது இன்னொரு குரல்.

"நான் அழுவணுமா?" என்றான் மணி.

"அழுடா. அக்கா காலேஜுக்குப் போவணும்ல?"

அவன் முகத்தைச் சுளித்துப் பார்த்தான். சிரிப்புதான் வந்தது. எல்லாருக்கும் சிரிப்பு. நானும் சும்மா இல்லை. "சுவத்துல விரிசல் தெரியறாப்புல நில்லுங்கம்மா" என்று கேமராவைத் தூக்கிவிட்டேன். அஞ்சலை அம்மா கஸ்தூரியின் கிழிசல் புடவையைச் சுற்றிக்கொண்டு தலை குனிந்து வந்து நின்றது.

அப்போது கலைச்செல்வி உள்ளேயிருந்து வந்தாள்.

"சார், அன்னிக்குக் கட்டுன பொடவ எரவல். இது மட்டும் யாருது?"

நான் கேமராவைக் கீழே இறக்கினேன்.

"எங்கம்மாகிட்ட கிழிஞ்ச பொடவ கெடயாது சார். கிழிஞ்சா அன்னிக்கே தச்சிடும். அது பொய்யின்னா இதுவும் பொய்தான். எனக்கு சீட்டு வேணும் சார். ஆனா எங்கம்மாவ இப்பிடி நிக்க வச்சி வேணாம். நான் வேன்ல போறேன்."

"வாய மூடுடி!" என்று அஞ்சலை அம்மா கத்தியது. "கம்பெனிக்குப் போறாளாம் கம்பெனிக்கு. பத்து நாளு நின்னா வெரலு அழுவிப் போவும். நீங்க எடுங்க சார். நான் எப்பிடி வேணா நிக்கறேன்."

மகள் நகரவில்லை. தாயும் நகரவில்லை. கஸ்தூரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் கேமராவை உறையில் போட்டு மூடினேன். எனக்குப் பெரிய யோசனையெல்லாம் ஒன்றும் வரவில்லை. செயலாளர் கேட்டதுதான் காதில் இருந்தது: நீ கேட்டியா?

"போட்டோ வேணாம்மா" என்றேன். பையிலிருந்து பழைய போட்டோவையும் ஒரு வெள்ளைத் தாளையும் எடுத்தேன். "இதுல இருக்கறது ஒவ்வொண்ணும் யாருதுன்னு சொல்லுங்க. நான் எழுதறேன். அவுங்கவுங்க கையெழுத்துப் போடணும்."

கஸ்தூரி முதல் ஆளாக வந்தாள். "சங்கிலி என்னுது. எழுதுங்க. மூணு பவுன்னா சொன்னாரு? ரெண்டேகால்தான். அதையும் எழுதுங்க." அவளுடைய தம்பி வந்து பைக்குக்கும் கூலிங் கிளாசுக்கும் கையெழுத்துப் போட்டான். சுடிதாருக்கும் ஜிமிக்கிக்கும் கலைச்செல்வியின் சிநேகிதி. மாம்பழக் கலர்ப் புடவைக்கு மூலை வீட்டு ஆயா கைநாட்டு வைத்தது. டைல்சுக்கும் கதவுக்கும் மறுபடி கஸ்தூரி.

"வாட்ச்சு?" என்று கேட்டேன். யாரும் முன்னால் வரவில்லை.

"அது அவரோடது சார்" என்றது அஞ்சலை அம்மா. "ஓடல."

6. செவ்வாய்க்கிழமை

"போட்டோ எங்க?" என்றார் செயலாளர்.

"எடுக்கல ஐயா. எடுத்தா அதுவும் எரவல் போட்டோவாத்தான் இருக்கும்." தாளை நீட்டினேன்.

அவர் வருகைப் பதிவேடு வாசிப்பதுபோல வாசித்தார். "புடவை, மூலை வீட்டு ஆயா. சுடிதார், சிநேகிதி. சங்கிலி, கஸ்தூரி, ரெண்டேகால் பவுன்." பாத்திரக்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "என் கண்ணையே ஏமாத்திட்டாளுவளே" என்றார். செயலாளர் சிரிக்காமல் மேலே வாசித்தார். "வாட்ச், இறந்துபோனவருடையது, ஓடவில்லை." அதற்குக் கீழே கடைசி வரியை நானே எழுதியிருந்தேன். "இந்தப் படத்தில் இவர்களுக்குச் சொந்தமானது இவர்கள் மூன்று பேரும் அந்த வாட்சும் மட்டுமே. நன்றாக உடுத்தி நிற்கச் சொன்னது நான். தப்பு என்னுடையது."

அவர் போட்டோவை எடுத்து மணியின் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏன்யா, இவ்ளோ பேரு குடுத்து ஒரு வூட்ட ஜோடிச்சி வுடறாங்கன்னா, அந்த வூட்டு ஆளுங்க எப்பிடிப்பட்டவங்களா இருக்கணும்?" என்றார் பாத்திரக்கடைக்காரர்.

செயலாளர் என்னைப் பார்த்து, "பொண்ணு கணக்குல எவ்ளோ?" என்றார்.

"தொண்ணூத்தேழு ஐயா."

"மூணு மார்க்க எங்க வுட்டாளாம்?" என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நான் படியிறங்கும்போது கூப்பிட்டு, "தப்பு உன்னுதுன்னு எழுதியிருக்கியே, அது மட்டும் நூத்துக்கு நூறு" என்றார்.

வியாழக்கிழமையே பீஸ் கட்டியாயிற்று. ஒண்ணாந்தேதி குப்பத்துக்கு வேன் வந்தது. கலைச்செல்வி அதில் ஏறவில்லை. அவள் ஹாஸ்டலுக்குக் கிளம்பிய அன்றைக்கும் யாருடையதோ புதுப் பெட்டிதான். யாருடையது என்று நான் கேட்கவில்லை.

பிள்ளைகளே, நான் கற்றுக்கொண்டது சின்ன விஷயம்தான். ஒரு வீட்டுக்குள் போனால் என்ன இருக்கிறது என்று கண் தானாகப் பார்த்துவிடும். யாருடையது என்று வாயைத் திறந்து கேட்டால்தான் தெரியும். கேட்பதற்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். பரவாயில்லை, கேளுங்கள்.

இன்னொன்று, யாருக்கும் தெரியாது. அந்த வார ஞாயிற்றுக்கிழமை உங்களையும் அம்மாவையும் பூசைக்கு அனுப்பிவிட்டு நான் ஆபீசுக்குப் போனேன். அதுவரைக்கும் நானே பார்த்து, கமிட்டிக்கு அனுப்பாமல் நிறுத்தி வைத்த மூன்று மனுக்கள் அலமாரியின் அடித்தட்டில் கிடந்தன. ஒரு வீட்டில் பீரோவைப் பார்த்தேன். ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜ். இன்னொரு வீட்டில் அந்த அம்மாவின் கையில் நாலு வளையல். மூன்றிலும் "வசதி உண்டு" என்று பென்சிலால் எழுதியிருந்தேன். ஸ்டெல்லா, மூணாவது படிக்கும்போது உன் பென்சில் டப்பாவிலிருந்து புது ரப்பர் காணாமல் போய் அந்தோணியை அடித்தாயே, அவன் எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து மூன்று தாளிலும் அழித்தேன். எழுத்து போய்விட்டது. அழுத்தி எழுதியிருந்ததால் தடம் மட்டும் போகவில்லை. தூளை ஊதிவிட்டு, தாள்களைப் பையில் வைத்து, வண்டியை அந்தப் பீரோ வீடு இருக்கிற மங்கலம்பேட்டைப் பக்கம் திருப்பினேன்.